வீட்டுப் பட்டறைக்கு 2 ஹெச்பி ஏர் கம்ப்ரசர் வாங்கலாமா? சிங்கிள் பேஸ் தாங்குமா?

தாங்கும். ஆனால் மீட்டர் போர்டிலிருந்து உங்கள் பட்டறைக்கு எத்தனை மீட்டர் ஒயர் போகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. ஸ்பிரே பெயின்ட், கொஞ்சம் நட்டு கழற்றுவது, வீட்டு கரண்ட், இவ்வளவுதான் கேள்வியில் இருக்கிறது. பட்டறை வீட்டை விட்டுத் தள்ளி ஏதோ பழைய மாட்டுக் கொட்டகையில் இருக்கும் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அப்படித்தான்.

கோயம்புத்தூரை அடுத்த அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். முப்பது வருடத்துக்கு மேல் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தேன். கம்ப்ரசர் ரூம் என் பொறுப்பு. ரிட்டயர் ஆனதும் பழைய டிவிஎஸ் 50 வண்டிகளை வாங்கிப் பிரித்து, பெயின்ட் அடித்து நிறுத்துவது பொழுதுபோக்கு. அதற்காக 2 ஹெச்பி, 100 லிட்டர் டேங்க், பெல்ட் வைத்த மெசின் ஒன்று வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் தப்பு மெசின் மேல் இல்லை.

காலையில் நன்றாக ஓடும். சாயங்காலம் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ‘உம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டு நிற்கும். முதலில் அன்லோடரை, அதாவது குழாயில் அடைபட்ட காற்றை வெளியே விடும் வால்வைச் சந்தேகப்பட்டேன். மோட்டார் நிற்கும்போது ‘புஸ்’ என்று காற்று வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் அடுத்த தடவை அடைபட்ட காற்றை எதிர்த்துக்கொண்டே கிளம்ப வேண்டியிருக்கும். ‘புஸ்’ சரியாகவே வந்தது. அப்புறம் மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் வீங்கிப் போனது. மாற்றினேன். மூன்றே வாரத்தில் அதுவும் வீங்கியது. கடைக்காரர் வோல்டேஜைப் பாருங்கள் என்றார். மீட்டர் போர்டில் பார்த்தேன், 208 இருந்தது. சாயங்காலத்துக்கு அது ஒன்றும் மோசமில்லை. கடைக்காரர் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்து அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

கடைசியில் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரி. பட்டறை இருக்கும் கொட்டகையை நாங்கள் சாளை என்போம். அந்தத் திண்ணையில்தான் அவளுடைய கிரைண்டர் இருக்கிறது. “ஏனுங், உங்க மெசினப் போட்டா கிரைண்டரு முக்குதுங். ஊட்டுக்குள்ள ஃபேன் நல்லாத்தான் ஓடுது” என்றாள். வீட்டில் கரண்ட் நன்றாக இருக்கிறது, சாளையில் மட்டும் விழுகிறது என்றால் நடுவில் இருக்கும் ஒயர்தானே திருடன்?

அது 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், 60 மீட்டர். போக வர 120 மீட்டர், கிட்டத்தட்ட 1.5 ஓம். 2 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 11 ஆம்பியர் போல இழுக்கும். அதில் 16 வோல்ட் போகும், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் நாலைந்து மடங்கு இழுக்கும். 45 ஆம்பியர் என்று வைத்தாலே 67 வோல்ட் ஒயரிலேயே கரைந்துவிடும். சாளை பிளக்கில் மல்டிமீட்டர் வைத்து மெசினைப் போட்டேன், 140 காட்டியது. அந்த வோல்டேஜில் மோட்டார் வேகம் பிடிக்காது. வேகம் பிடித்தால்தான் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் கெப்பாசிட்டரைக் கழற்றிவிடும். பிடிக்காவிட்டால் கெப்பாசிட்டர் லைனிலேயே கிடந்து வெந்து சாகும். என் மோட்டாரில் நடந்தது அதுதான்.

மில் ஃபிட்டருக்கு இதுகூடத் தெரியாதா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மில்லில் 415 வோல்ட் த்ரீ பேஸ், மணிக்கட்டுத் தடிமனில் கேபிள். இந்தக் கணக்கைப் போட வேண்டிய அவசியமே அங்கே வந்ததில்லை. 6 ஸ்கொயர் எம்எம் ஒயரும், நல்ல எர்த்தும், மோட்டார் கிளம்பும் இழுப்பைத் தாங்கும் சி டைப் 20 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) தனியாக ஒன்றும் போட்டேன். அப்போது புதிதாக மாட்டிய கெப்பாசிட்டர்தான் இன்னும் ஓடுகிறது.

60 மீட்டர் ஏன் என்று கேட்பீர்கள். நேராகப் போனால் 35 மீட்டர்தான். நடுவில் களம் இருக்கிறது. பாகம் பிரித்தபோது களம் அண்ணன் பங்குக்குப் போனது. அதன் மேலே ஒயர் போகக் கூடாது என்று அண்ணி ஒரே பிடியாக நின்றார். நெல்லா காய்கிறது அங்கே? பத்து வருடமாகப் புல்தான் முளைக்கிறது. ஆறு மாதம் பேசிப் பார்த்துவிட்டு வேலியோரமாகவே சுற்றி இழுத்தேன். அந்த 25 மீட்டர் செம்புக்கு நான் கொடுத்த காசு எனக்குத்தான் தெரியும். சரி, அதை விடுங்கள்.

எந்த மெசின் என்பதற்கு வருகிறேன். ஹெச்பியையும் டேங்க் லிட்டரையும் பார்த்து வாங்காதீர்கள். தண்ணீர்த் தொட்டி எத்தனை பெரிதாக இருந்தால் என்ன, போரில் எத்தனை இஞ்ச் தண்ணீர் வருகிறது என்பதைத்தானே தோட்டம் வாங்குகிறவன் கேட்பான்? இங்கே அதற்குப் பெயர் சிஎஃப்எம், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற கணக்கு. அதிலும் பிஸ்டன் டிஸ்ப்ளேஸ்மென்டை, அதாவது பிஸ்டன் அளவை வைத்துப் போடும் ஏட்டுக் கணக்கை அச்சடித்துப் பெருமை காட்டுவார்கள். எஃப்ஏடி, அதாவது மெசின் நிஜமாக வெளியே தரும் காற்று எவ்வளவு, எத்தனை பார் அழுத்தத்தில் என்று கேளுங்கள். அது குறைவாகத்தான் இருக்கும், ஆனால் கைக்கு வரும் காற்று அதுதான். 100 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 6-க்கு இறங்கும்போது தருவது 200 லிட்டர் காற்று, அதாவது 7 கன அடி. குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றுக் குடிக்கும் ஹெச்விஎல்பி பெயின்ட் கன் 10 சிஎஃப்எம் கேட்டால் ஒரு நிமிடம்கூட வராது. சின்ன ஸ்பிரே கன், நட்டு கழற்ற அரை இஞ்ச் இம்பேக்ட் ரெஞ்ச் என்றால் 2 ஹெச்பி போதும். மணலைப் பீய்ச்சித் துரு எடுக்கும் சாண்ட் பிளாஸ்டிங் ஆசை இருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள். டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளிருந்தே துரு தின்னும்.

வாய்ப்பிருந்தால் பழகிய உள்ளூர் மெசினாக வாங்குங்கள். கம்ப்ரசர் செய்யும் எல்ஜி (ELGi, டிவி விற்கும் எல்ஜி இல்லை) 1960-இல் தொடங்கியதே கோயம்புத்தூரில்தான். வால்வு தகடும் ரிங்கும் தெரிந்த மெக்கானிக்குக்கு இங்கே பஞ்சமில்லை. வீட்டு சர்வீஸே த்ரீ பேஸாக இருந்தால் த்ரீ பேஸ் மோட்டார் போடுங்கள், கெப்பாசிட்டர் தொல்லையே கிடையாது. கிணற்று மோட்டாருக்கு வரும் இலவச கரண்டில் மாட்டிக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அது தண்ணீர் இறைக்கக் கொடுத்தது. மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் பிடித்தால் இரண்டு மடங்கு கணக்குப் போடுவார்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுமா என்றும் கேட்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் வண்டிக்குக் காற்றுப் பிடிக்க வந்தான். வாராவாரம் வருவான். ரெண்டு டயருக்கும் பிடித்துவிட்டு, வேலியை ஒரு பார்வை பார்த்துக் கேட்கிறான்: “ஏனுங் சித்தப்பா, ஒயர எதுக்குங் இப்படி ஊரச் சுத்தி இழுத்திருக்கறீங்க?”