மூக்கடைப்பில் வாசனை தெரியாதது ஏன்?
சளி விட்டு மூன்று வாரமாகியும் மூக்கு அடைத்தே இருக்கிறது, ரசத்தில் உப்பும் புளிப்பும் தெரிகிறது, பெருங்காய வாசம் மட்டும் தெரியவில்லை, தினமும் சொட்டு மருந்து விடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நாக்கு நன்றாகவே இருக்கிறது. உப்பும் புளிப்பும் அதன் வேலை; பெருங்காய மணம் மூக்கின் வேலை. மணம் அறியும் நரம்புகள் மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கில் இருக்கின்றன. சவ்வு வீங்கினால் காற்று அங்கே ஏறாது. மெல்லும்போது தொண்டை வழியாக மேலே போகும் வாசனைக்கும் அதே கதிதான்.

எனக்கு உறுத்துவது அந்தச் சொட்டு மருந்து. ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகையென்றால் 5 நாளுக்கு மேல் விடக்கூடாது. விட்டால் அதுவே அடைப்பை வளர்க்கும். நிறுத்திய சில நாள் அடைப்பு கூடத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்து ஆறிய நீரில் கலந்த உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவலாம். அப்புறம் தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சதை வளர்ந்திருக்கிறதா என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும். மூக்கு திறந்தும் மணம் வரவில்லையென்றால் சளிக் கிருமியால் நரம்பே அடிபட்டிருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். கேஸ் கசிந்தால் இப்போது உங்களுக்குத் தெரியாது. இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள்.