விரல் ரேகையும் ஓவிய வகுப்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். எந்நேரமும் படம் வரைந்துகொண்டிருப்பான். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில் 3,500 ரூபாய் கட்டி அவனுக்கு விரல்ரேகைச் சோதனை செய்தோம். அவனுக்குக் கணக்கில்தான் திறமை, ஓவியத்தில் குறைவு என்று அறிக்கை வந்தது. வண்ணப் பென்சில்களை அவனிடமிருந்து வாங்கி வைத்துவிட்டேன். அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா? சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு மாற்றுவது நல்லதா?

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

பள்ளி மாற்றும் பேச்சு இப்போது வேண்டாம். ரேகை விஷயத்தை மட்டும் அப்படி விட முடியவில்லை. விரல் நுனியின் வரிகள் தாயின் வயிற்றிலேயே உருவாகி ஆயுள் முழுதும் மாறாமல் இருப்பவை என்பதால் ஆளை அடையாளம் காண உதவுகின்றன. திறமையை அவற்றில் படிக்கலாம் என்பதற்கு அறிவியல் சான்று எதுவுமில்லை. வைத்தீஸ்வரன் கோயிலில் கட்டைவிரல் ரேகையைக் கொடுத்து நாடி ஜோதிட ஓலை தேடச் சொல்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே கணினியும் சதவீதமும் இருப்பது மட்டுமே. மகனுக்காக வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம் என்பது புரிகிறது. ஆனால், கண்ணெதிரே வரைந்துகொண்டிருக்கும் பிள்ளையை நம்பாமல் அச்சடித்த தாளை நம்பிப் பென்சிலைப் பிடுங்கியது, அம்மா, அநியாயம்.

எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். மேசைமேல் மண்பானையை வைத்து வரையச் சொல்வார். பானையின் வாய் வட்டம் என்று தெரியுமாதலால் நாங்கள் எல்லோரும் வட்டமாகவே போடுவோம். அவர் எங்கள் பெஞ்சருகே குனிந்து, "இங்கிருந்து பார்த்தால் வட்டமாகவா தெரிகிறது?" என்பார். யாரும் சொல்லாமலே வாயை ஒடுங்கிய நீள்வட்டமாகப் போட்டவனின் நோட்டை மட்டும் சற்று நேரம் கையில் வைத்துப் புரட்டுவார். அடுத்த வாரம் அவனுக்கு வேறு பொருள், இன்னும் கடினமானது. திறமையைக் கண்டறிவது என்று நான் நம்புவது இதைத்தான். தேர்வு நெருங்கினால் அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓவியத்தை இப்படி இரண்டாம்பட்சமாக நடத்தும் பழக்கத்தை அரசே நடைமுறையாக்கியது. 2012இல் தமிழகத்தில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். தொகை பிறகு சிறிது சிறிதாகக் கூடியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள், நல்லதுதான். ஆனால் மேடையில் பரிசு வாங்கும் பிள்ளையின் நோட்டை ஆண்டு முழுவதும் பார்த்துத் திருத்த வேண்டியவருக்கு, அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற கவலை இருந்தால் எந்தக் கண்ணால் பார்ப்பார்?

அபாகஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது மனக்கணக்குப் பயிற்சி. அவனே விரும்பினால் போகட்டும். அதற்கு முன், பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் வருகிறாரா, எந்தெந்த நாள் வருகிறார் என்று விசாரித்து, மகன் வரைந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு அவரைப் போய்ப் பாருங்கள். அறிக்கையைக் கொண்டுபோக வேண்டாம்.