ஒரே கொழுப்பில் இரண்டு விடை வருவது ஏன்?

கேள்வி: உருக்கிய மாட்டுக் கொழுப்பில் கொழுப்பு அமிலங்களின் அளவை கேஸ் குரோமட்டோகிராபியில் (ஆவியாக்கிய கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவியில்) பார்க்கிறோம். ஒரே டப்பாவிலிருந்து எடுத்த இரண்டு மாதிரிகளில், ஸ்டியரிக் அமிலம் ஒன்றில் 15 சதவீதம், மற்றதில் 21. கருவியில் கோளாறா?

பதில்: கருவியைக் கழற்றும் முன் ஒரு சின்னச் சோதனை. கருவியில் ஏற்றுவதற்காகக் கொழுப்பு அமிலங்களை எளிதில் ஆவியாகும் வடிவமாக மாற்றித் தயாரித்த மெத்தில் எஸ்டரை ஒரே குப்பியிலிருந்து இரண்டு முறை ஏற்றிப் பாருங்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால் கருவி சரி. அப்புறம் டப்பாவைப் பாருங்கள்.

இந்தக் கொழுப்பு ஆறும்போது ஒரே சீராக உறைவதில்லை. ஸ்டியரிக், பால்மிட்டிக் நிறைந்த பகுதி முதலில் மணி மணியாகக் கட்டி அடியில் தங்கும். ஒலியிக் மிகுந்த மஞ்சள் எண்ணெய் மேலே நிற்கும். பிப்பெட்டால் மேலே உறிஞ்சினால் ஸ்டியரிக் குறையும், கரண்டியால் அடியில் சுரண்டினால் கூடும். உங்கள் 6 சதவீத வித்தியாசத்துக்கு இதுவே காரணம் என்று சந்தேகிக்கிறேன். டப்பா முழுவதையும் 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் வைத்து, ஒரு சின்னக் கட்டிகூட மிச்சமில்லாமல் உருக்கி, நன்றாகக் கலக்கி, சூடாக இருக்கும்போதே எடுங்கள். பிப்பெட்டையும் சூடாக்குங்கள், குளிர்ந்த கண்ணாடியின் உட்சுவரில் வெள்ளையாகப் படலம் ஒட்டினால் அங்கே நிற்பது உங்கள் ஸ்டியரிக்தான்.

கொழுப்பு எந்த இடத்தது என்பதையும் எழுதி வையுங்கள். சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பில் ஸ்டியரிக், பால்மிட்டிக் போன்ற நிறைவுற்ற அமிலங்கள் தோலடிக் கொழுப்பைவிட அதிகம்.

அடுத்தது எஸ்டராக்கம், அதாவது கொழுப்பை மெத்தில் எஸ்டராக மாற்றும் வேலை. மெத்தனாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும், ஆனால் தனித்து நிற்கும் கொழுப்பு அமிலங்களை எஸ்டராக்காது, அவை சோப்பாகிவிடும். பழைய, காறிய கொழுப்பு என்றால் அமில வினையூக்கியே நல்லது. ஆனால் சூடான அமிலத்தில், 'இணைந்த லினோலியிக் அமிலம்' (CLA) எனும் கொழுப்பு அமிலத்தின் அமைப்பு மாறிவிடும். அதை அளப்பதே நோக்கம் என்றால் அந்த வழி வேண்டாம்.

இன்டர்னல் ஸ்டாண்டர்டாக (ஒப்பிட்டுக் கணக்கிட, தெரிந்த அளவில் சேர்க்கும் பொருளாக) 17 கார்பன் அமிலத்தைச் சேர்க்கிறீர்களா? அசைபோடும் விலங்குகளின் கொழுப்பில் அது இயற்கையாகவே உண்டு. இரண்டும் கருவி வரையும் ஒரே பீக்கில் (முகட்டில்) விழுந்து கணக்கு முழுவதும் சாயும். 23 கார்பன் அமிலம் பாதுகாப்பானது.

இவ்வளவும் செய்த பிறகும் வித்தியாசம் நின்றால், அப்போது ஊசியையும் இன்ஜெக்டர் லைனரையும் (மாதிரி ஏற்றும் இடத்தின் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாயையும்) கழற்றிப் பாருங்கள்.