இறங்கினால் என்ன? – கடிதம்

அன்புள்ள சார்,

அயர்லாந்தில் மோனஹன் கவுண்டியில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். வந்த புதிதில் கேலிக் ஃபுட்பால் என்றால் கையாலும் காலாலும் ஆடும் ஏதோ ஒன்று என்ற அளவில்தான் தெரியும். மகன் உள்ளூர் கிளப்பில் சேர்ந்த பிறகு வேறு வழியில்லாமல் நானும் கற்றுக்கொண்டேன்.

2024 மார்ச்சில் மோனஹன் அணி லீக்கின் முதல் டிவிஷனிலிருந்து கீழே இறங்கியது. எங்கள் இல்லத்தில் ஒரு தாத்தா அதற்காக இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ஆண்டே திரும்ப ஏறிவிட்டார்கள், அது வேறு விஷயம். என் கேள்வி இதுதான். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. இறங்கினால் யாரையும் விற்க வேண்டியதில்லை, கோடிக்கணக்கில் நஷ்டமும் இல்லை. பெரிய கோப்பை கோடையில் தனியாக நடக்கிறது. 2023ல் டப்ளினும் 2024ல் அர்மாவும் இரண்டாம் டிவிஷனில் ஆடிய அதே ஆண்டில் அந்தக் கோப்பையை வென்றிருக்கிறார்கள். பிறகு ஏன் இவ்வளவு துக்கம்?

கடைசி வாரத்தில் இரண்டு மூன்று அணிகள் சம புள்ளியில் நின்றால் யார் இறங்குவார்கள் என்று வேலை செய்யும் இடத்தில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். அதையும் கொஞ்சம் விளக்க முடியுமா? அடுத்த மார்ச்சில் மகனைக் கடைசிச் சுற்று ஆட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போக நினைக்கிறேன். எதைப் பார்க்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் அந்தத் தாத்தாவின் கட்சி. ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. டப்ளின், அர்மா உதாரணங்களைச் சொல்லி அயர்லாந்திலேயே பலர் இதைத்தான் கேட்கிறார்கள்.

இந்த விளையாட்டைப் பார்த்திராத நண்பர்களுக்காக இரண்டு வரி. பக்கத்துக்குப் பதினைந்து பேர். கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்துபோல இருக்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் மூன்று புள்ளி, மேலே போனால் ஒன்று. அணி என்பது கவுண்டி. லீக்கில் நான்கு டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் எட்டு அணிகள். அயர்லாந்தின் 32 கவுண்டிகளில் கில்கென்னி மட்டும் சேர்வதில்லை. அவர்களுக்கு மட்டையால் ஆடும் ஹர்லிங் போதும். அந்த இடத்தை லண்டன் நிரப்புகிறது. புலம்பெயர்ந்த ஐரிஷ்காரர்களின் அணி அது, ரைஸ்லிப்பில் ஆடுகிறது. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் இறுதிவரை ஏழு ஆட்டங்கள். மேலே இருக்கும் இரண்டு அணிகள் ஏறும், கீழே இருக்கும் இரண்டு இறங்கும். கொரோனா காலத்தில் சுருக்கப்பட்ட 2021 தவிர, 2008 முதல் இப்படித்தான்.

உங்கள் பட்டியலில் இன்னும் இரண்டைச் சேர்க்கலாம். 23 ஆண்டுகள் முதல் டிவிஷனில் இருந்த மேயோ 2020 அக்டோபரில் இறங்கியது. அதே டிசம்பரில் ஆல்-அயர்லாந்து (நீங்கள் சொல்லும் அந்தப் பெரிய கோப்பை) இறுதியாட்டத்தில் டப்ளினுக்கு எதிராக நின்றது. 2025 மார்ச்சில் இறங்கிய டைரோன் கோடையில் அரையிறுதிவரை வந்தது. இவற்றை மட்டும் பார்த்தால் லீக் என்பது பனிக்காலத்தில் சேற்றில் நடக்கும் பயிற்சி ஆட்டம் என்றுதான் தோன்றும்.

ஆனால் இவையெல்லாம் பெரிய கவுண்டிகள். 2022ல் டப்ளினோடு சேர்ந்து இறங்கிய இன்னொரு அணியின் பெயரை யாராவது சொல்கிறார்களா? கில்டேர். இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே டிவிஷனிலிருந்து இறங்கியவை. டப்ளின் மறு ஆண்டே ஏறியது, இரண்டாம் டிவிஷன் இறுதியாட்டத்தில் டெர்ரியை வீழ்த்தியது, ஜூலையில் கெர்ரியை 1-15க்கு 1-13 என்று (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி) வென்று ஆல்-அயர்லாந்து சாம்பியனுக்கான சாம் மக்வயர் கோப்பையையும் தூக்கியது. ஓய்விலிருந்த கோல்கீப்பர் ஸ்டீபன் கிளக்ஸ்டன் நாற்பது வயதைத் தாண்டித் திரும்பி வந்தார். விலகியிருந்த மேனியனும் மெக்காஃப்ரியும் வந்தார்கள். 14 லட்சம் பேருக்கு மேல் இருக்கும் கவுண்டி அது. கூப்பிட்டால் வர ஆள் இருக்கிறது. கில்டேரோ 2024ல் இன்னும் ஒரு படி சரிந்து, 2025ல் மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் டப்ளினையும் கெர்ரியையும் எதிர்கொண்ட அணிக்கு லீட்ரிமும் ஃபெர்மனாவும் எதிராளிகள்.

நீங்கள் சொல்கிற 'காசு நஷ்டமில்லை' என்பதை நான் தலைகீழாகப் பார்க்கிறேன். இங்கிலாந்து கால்பந்தில் ஒரு கிளப் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினால் அதிர்ச்சியைத் தாங்கச் சில ஆண்டுகளுக்குப் பணம் தருகிறார்கள். அதை வைத்து ஆள் வாங்கலாம், ஏறலாம். கேலிக் ஃபுட்பாலில் வாங்குவது என்ற பேச்சே கிடையாது. உங்கள் கவுண்டியில் பிறந்து வளர்ந்த பையன்கள்தான் உங்கள் அணி. ஆசிரியர், தச்சர், கல்லூரி மாணவர் எல்லாரும் வேலை முடிந்து இருட்டில் வந்து பயிற்சி செய்கிறவர்கள். ஒரு நல்ல தலைமுறை வாய்க்கும்போது ஏறலாம், அது வயதாகும்போது இறங்கலாம், நடுவில் குறுக்குவழி இல்லை. அதனால்தான் இறங்கும்போது வயதானவர்களுக்கு அதிகம் வலிக்கிறது. இன்னொரு தலைமுறை வருமா, வந்தால் தாம் இருப்போமா என்பது அவர்களுக்கு உண்மையான கேள்வி.

மோனஹனையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 65,000 சொச்சம் மக்கள். சாம் மக்வயரை ஒருமுறைகூட வென்றதில்லை. ஆனால் 2015லிருந்து 2024 வரை பத்து சீசன்கள் முதல் டிவிஷனில் இருந்தார்கள். கடைசிச் சில ஆண்டுகள் கூரையின் விளிம்பில் தொங்கியபடிதான். 2021ல் சொந்த மைதானமான குளோனிஸில் கால்வேயோடு இறக்கத்துக்கான பிளே-ஆஃப், கூடுதல் நேரம்வரை போய் ஜெயித்தார்கள். 2022ல் அதே மைதானத்தில் டப்ளின். ஆட்டம் முடியும் தறுவாயில் ஜாக் மெக்காரன் அடித்த ஃப்ரீ கிக் உள்ளே போனது, டப்ளின் கீழே போனது. 2023ல் காஸில்பாருக்குப் போய் மேயோவை வென்று தப்பினார்கள். 2024ல் தப்ப முடியவில்லை. உங்கள் தாத்தா பட்டினி கிடந்தது ஒரு தோல்விக்காக என்று நான் நினைக்கவில்லை. நட்சத்திர ஆட்டக்காரர் கோனர் மெக்மானஸ் போன்றவர்களின் காலம் முடிகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். 2025 தொடக்கத்தில் மெக்மானஸ் ஓய்வு பெற்றார். அவர் இல்லாமலே அந்த ஆண்டு ஏறினார்கள் என்பதை எனக்குப் பிடித்த செய்திகளில் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

தலைமுறை என்று சொன்னதற்கு டெர்ரியைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 2019ல் டெர்ரி நான்காம் டிவிஷனில் இருந்தது. அந்த ஆண்டு டப்ளினின் குரோக் பார்க்கில் நான்காம் டிவிஷன் இறுதியாட்டம், டெர்ரிக்கும் லீட்ரிமுக்கும். இரண்டுமே ஏறிவிட்டன, கோப்பை டெர்ரிக்கு. அங்கிருந்து டெர்ரி நிற்கவே இல்லை. 2021ல் மூன்றிலிருந்து ஏறினார்கள், 2022லும் 2023லும் அல்ஸ்டர் மாகாண சாம்பியன், 2023ல் இரண்டிலிருந்து ஏற்றம், 2024 மார்ச்சில் முதல் டிவிஷன் இறுதியாட்டத்தில் டப்ளினோடு மொத்தப் புள்ளி 27-27 என்று சமநிலை, பெனால்டியில் வெற்றி. பின்னால் என்ன இருந்தது? கவுண்டியின் மைனர் (இளையோர்) அணி ஆல்-அயர்லாந்து வென்றுகொண்டிருந்தது. மஹேராவின் கிளென் கிளப் 2024 ஜனவரியில் கிளப் ஆல்-அயர்லாந்தை வென்றது. பையன்கள் இருந்தார்கள். அப்புறம் 2025. லீக் சாம்பியனாக வந்த டெர்ரி ஏழு ஆட்டத்தில் ஒன்றைக்கூட வெல்லாமல் இறங்கியது. மேனேஜர் மாற்றம், காயங்கள், களைப்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். இந்த ஏணியில் உச்சியில் இருப்பவர்களுக்கும் உட்கார இடமில்லை என்பதுதான் எனக்குத் தெரிவது.

அந்த 2019 ஆட்டத்தின் மறுபக்கம் லீட்ரிம். சுமார் 35,000 பேர். அயர்லாந்தின் ஆகச் சிறிய கவுண்டி, மக்கள்தொகையில். அவர்களும் மூன்றாம் டிவிஷனுக்குப் போய், இறங்கி, 2024ல் மறுபடி ஏறி, 2025ல் மறுபடி இறங்கினார்கள். அந்த 2025ல் ஃபெர்மனாவுக்கு எதிரான ஆட்டத்துக்குக் களமிறக்கப் போதுமான ஆள் இல்லாமல் விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. இருபதுகளில் இருக்கும் பையன்கள் வேலைக்காக டப்ளினுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிற ஊரில், நான்கு பேருக்கு ஒரே வாரத்தில் காயம் பட்டால் அணி காலி. இவர்களுக்கு மூன்றாம் டிவிஷனில் ஒரு வருடம் என்பது டப்ளினுக்கு இன்னொரு சாம் மக்வயரைவிடப் பெரிது என்று நான் சொன்னால் மிகையாகத் தெரியலாம். எனக்கு அது மிகையில்லை.

இனி நடைமுறைக் காரணம். நீங்கள் 'பெரிய கோப்பை தனியாக நடக்கிறது' என்கிறீர்கள். 2023 முதல் அது அவ்வளவு தனி இல்லை. சாம் மக்வயரில் 16 அணிகளுக்குத்தான் இடம். நான்கு மாகாண இறுதியாட்டங்களில் ஆடும் எட்டு அணிகள், முந்தைய ஆண்டு டால்ச்சன் கோப்பையை வென்ற அணி, மீதி ஏழு இடங்கள் லீக் வரிசைப்படி. மற்றவர்கள் டால்ச்சன் கோப்பையில் ஆட வேண்டும். அது 2022ல் தொடங்கிய இரண்டாம் தரப் போட்டி. ஆக உண்மையான கத்தி விழும் இடம் முதல் டிவிஷனின் அடிமட்டம் அல்ல. முதலிலிருந்து இரண்டுக்கு இறங்குபவர்களுக்கு அந்தக் கோடையில் சாம் மக்வயர் இடம் இருக்கும். இரண்டாம் டிவிஷனின் அடியில் இருப்பவர்களுக்கும் மூன்றாம் டிவிஷனின் உச்சியில் இருப்பவர்களுக்கும்தான் மார்ச் மாதம் வயிற்றைக் கலக்கும். 2024ல் மூன்றாம் டிவிஷனிலிருந்து வெஸ்ட்மீத், டவுன் இரண்டும் ஏறின. முதலில் வந்த வெஸ்ட்மீத்துக்குச் சாம் மக்வயரில் இடம் கிடைத்தது, இரண்டாவதாக வந்த டவுன் டால்ச்சனுக்குப் போனது. (போய் அதை வென்றுவிட்டது.)

இதிலும் ஓர் அநியாயம் உண்டு. மாகாண இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டால் லீக் வரிசை பார்க்க மாட்டார்கள். 2024லும் 2025லும் மன்ஸ்டர் மாகாண அரையிறுதியில் கெர்ரியும் கார்க்கும் ஒருபக்கம் மோதிக்கொண்டன. மறுபக்கம் கிளேருக்கு எளிய எதிராளிகள், ஒருமுறை வாட்டர்ஃபோர்ட், மறுமுறை டிப்பரரி. மூன்றாம் டிவிஷன் அணியான கிளேர் சாம் மக்வயருக்குள் நடந்து போனது. கிளேர் ஆட்டக்காரர்கள்மேல் குற்றமில்லை, கிடைத்த வழியில் போனார்கள். அல்ஸ்டரில் பிறந்த ஓர் அணிக்கு இப்படி ஒரு குலுக்கல் கனவில்கூட வராது. மாகாணப் போட்டிகளைக் கோப்பையோடு நிறுத்திவிட்டு, சாம் மக்வயர் தகுதியை முழுக்க லீக்கிடம் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. உங்கள் மோனஹனில் இதைச் சத்தமாகச் சொல்லாதீர்கள், அல்ஸ்டர் சாம்பியன்ஷிப் அவர்களுக்குக் கோயில் திருவிழா.

டால்ச்சனுக்குப் போவதை அவமானமாகப் பேசுவதும் சரியில்லை. லிமெரிக் 2023ல் இரண்டாம் டிவிஷனிலிருந்து மூன்றுக்கும், 2024ல் மூன்றிலிருந்து நான்குக்கும் சரிந்த அணி. 2025ல் நான்கிலிருந்து ஏறி, டால்ச்சன் இறுதியாட்டத்தில் குரோக் பார்க்கில் கில்டேரை எதிர்த்து ஆடியது. ஆமாம், அதே கில்டேர். அவர்களும் அந்த ஆண்டுதான் மூன்றிலிருந்து ஏறியிருந்தார்கள், கோப்பையும் அவர்களுக்கே.

சரி, உங்கள் சகாக்களின் கணக்கு. ஒருவேளை எல்லாரும் பாதிச் சரியாகச் சொல்கிறார்கள். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று. இரண்டே அணிகள் சமமாக நின்றால், அவர்கள் தங்களுக்குள் ஆடியதில் வென்றவர் மேலே. மூன்று அல்லது அதற்குமேல் சமமாக நின்றால் அந்தக் கணக்கு செல்லாது, மொத்த ஸ்கோர் வித்தியாசம் பார்ப்பார்கள். இதனால் விநோதமான நிலைமைகள் வரும். நீங்கள் ஒரு அணியை பிப்ரவரியில் வென்றிருக்கிறீர்கள், இருவரும் இப்போது ஆறு புள்ளி, நீங்கள் தப்பித்தீர்கள். அந்த நேரத்தில் அறுபது மைல் தள்ளி வேறொரு மைதானத்தில் மூன்றாவது அணி ஒன்று கடைசி நிமிடத்தில் ஜெயித்து அதுவும் ஆறு புள்ளிக்கு வருகிறது. உங்கள் வித்தியாசம் மோசம் என்றால் நீங்கள் காலி. உங்கள் ஆட்டத்தில் ஒன்றுமே மாறவில்லை! கடைசிச் சுற்றில் ஒரு டிவிஷனின் எல்லா ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் தொடங்குவது இதற்காகத்தான். ஜனவரியில் பன்னிரண்டு புள்ளியில் தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி நிமிடத்திலும் ஒரு புள்ளிக்காக உயிரைவிட்டு ஓடுவதும் இதற்காகத்தான்.

2025ல் வந்த புது விதிகள் இந்தக் கணக்கை இன்னும் கெடுத்துவிட்டன, நல்ல அர்த்தத்தில். ஜிம் கேவின் தலைமையிலான குழு கொண்டுவந்தவை அவை. 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி. முன்பு ஆறு புள்ளி முன்னிலை என்றால் அணிகள் பின்னால் போய் அடைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தும். இப்போது எப்போதும் மூன்று பேர் எதிரணிப் பாதியிலேயே நிற்க வேண்டும், காற்று முதுகுப் பக்கம் இருந்தால் ஆறு புள்ளி ஐந்து நிமிடத்தில் கரையும். இறக்கத்துக்கான சண்டையில் எந்த முன்னிலையும் நிம்மதி தருவதில்லை.

கடைசியாக, எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். அந்த வாரம் மோனஹனுக்கு ஆபத்து இருந்து, ஆட்டம் குளோனிஸில் என்றால் யோசிக்கவே வேண்டாம். அவர்கள் பத்திரமாக இருந்தால் அங்கே போகாதீர்கள், பரிசோதனைக்கு இளைஞர்களை இறக்குவார்கள். பக்கத்திலேயே இரண்டு மைதானங்கள் இருக்கின்றன, கேவனின் பிரெஃப்னி பார்க், எனிஸ்கிலனில் ஃபெர்மனாவின் ப்ரூஸ்டர் பார்க். இந்த இரண்டு கவுண்டிகளும் இரண்டாம், மூன்றாம் டிவிஷன்களுக்கு நடுவில் ஏறி இறங்கிப் பழகியவை, கடைசி ஞாயிற்றில் ஏதாவது ஒன்றுக்காவது வாழ்வா சாவா ஆட்டம் இருக்க வாய்ப்பு அதிகம். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள், பையனுக்கு மழைக்கோட்டு அவசியம். தாத்தாவுக்கு வர உடம்பு இடம் கொடுத்தால் அவரையும் கேட்டுப் பாருங்கள். மூன்று அணிகள் சமமாக நின்றால் யார் இறங்குவார்கள் என்பதை அவர் என்னைவிட வேகமாகச் சொல்வார்.