சிங்கப்பூரில் தமிழர் ஓட்டு எந்தத் தொகுதியில் அதிகம்?

தம்பி, நிரந்தரவாசம் கிடைத்த கையோடு ரெண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: இங்கே தமிழர் ஓட்டு எந்தத் தொகுதியில் அதிகம், தமிழர் நிறைய இருக்கிற பேட்டையாகப் பார்த்து வீடு வாங்கலாமா. ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

தமிழர் பெரும்பான்மையாக இருக்கும் தொகுதி இங்கே கிடையாது. 2020 கணக்கெடுப்பில் தமிழரையும் சேர்த்து இந்தியர் மொத்தமே 9 சதவீதம். அதுவும் தீவு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டும் அரசு அடுக்குமாடி வீடுகளில் இன வரம்பு இருப்பதுதான் இதற்குப் பெரிய காரணம். இந்தியரும் இதர இனத்தவரும் சேர்த்து ஒரு புளோக்கில் (ஒரு கட்டடத்தில்) 15, பேட்டையில் 12 சதவீதம் வரைதான் இருக்கலாம். மலாய்க்காரருக்கு 25, 22. சீனருக்கு 87, 84. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தனியாக 8, 5 என்று இன்னொரு வரம்பு உண்டு. உங்கள் பெயர் ரெண்டிலும் வரும்.

மறுவிற்பனை வீடு பார்க்கும்போது, முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே வீவக இணையத்தளத்தில் அந்த புளோக் எண்ணைப் போட்டுப் பாருங்கள். நிலவரம் மாதா மாதம் 1ஆம் தேதி மாறும். இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கில் சீனரிடமிருந்தோ மலாய்க்காரரிடமிருந்தோ நீங்கள் வாங்க முடியாது, இந்தியர் விற்றால் வாங்கலாம். நாளைக்கு விற்கும்போதுதான் உண்மையான வலி. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் உங்கள் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவதால் விலை இறங்கும், மாதக்கணக்கில் இழுக்கும். சிறுபான்மையினர் தலையில் இந்தச் சுமை கூடுதலாக விழுவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன், கொள்கையின் நோக்கம் நல்லதாக இருந்தாலும். கணவனும் மனைவியும் நிரந்தரவாசி என்றால் மூன்று ஆண்டு கழித்துத்தான் மறுவிற்பனை வீடே வாங்கலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சரி, இப்படிப் பரவிக் கிடந்தால் சிறுபான்மையினர் எங்கே நின்றாலும் தோற்றுப்போக மாட்டார்களா? அதற்குத்தான் 1988இல் குழுத்தொகுதி வந்தது. நாலைந்து பேர் ஒரே அணியாக நிற்க வேண்டும். அதில் ஒருவராவது சிறுபான்மையினராக இருக்க வேண்டும். அவர் மலாய்க்காரரா, இந்தியர் அல்லது பிறரா என்பது தொகுதிக்குத் தொகுதி முன்கூட்டியே அறிவிக்கப்படும். இனச் சான்றிதழைத் தருவதற்குத் தனிக் குழுக்கள் உண்டு. 2025 தேர்தலில் 97 இடங்களுக்கு 18 குழுத்தொகுதி, ஒரே ஒரு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி 15. ஓட்டுச்சீட்டில் ஆளுக்கு ஆள் குறி போட வழியில்லை, மொத்த அணிக்கும் ஒரே பெருக்கல் குறிதான். ஆகவே தமிழ் வேட்பாளருக்கு மட்டும் ஓட்டு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அத்தனை பேரைத் திரட்ட முடியாமல் சிறிய கட்சிகள் திணறுவது இதன் மறுபக்கம்.

இனம் பார்க்காமல் ஓட்டு விழுமா என்றால், 2023 அதிபர் தேர்தலைப் பாருங்கள். இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து தர்மன் சண்முகரத்னம் 70.4 சதவீதம் பெற்றார். எல்லாருக்கும் அப்படி விழும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பல ஆண்டு அமைச்சராக இருந்த மனிதர் அவர்.

மொழி விஷயத்தில் புதிதாக வருபவர்கள் அடிக்கடி ஏமாறுவது, மேடையில் தமிழ் கேட்டதும் அது தமிழர் ஓட்டுக்கான தூண்டில் என்று எண்ணுவது. மலாய், மாண்டரின், ஆங்கிலத்தோடு தமிழும் ஆட்சிமொழி. நாடாளுமன்றத்தில் தமிழில் பேசினால் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. நிரந்தரவாசிக்கு ஓட்டு இல்லை, பிரசாரத்தில் பங்கெடுக்கவும் கூடாது. துண்டுப் பிரசுரம் கொடுப்பது, கட்சிக்காக இணையத்தில் பதிவு போடுவது எதிலும் இறங்காதீர்கள். குடியுரிமை கிடைத்து, 21 வயதும் நிரம்பியிருந்தால் ஓட்டுப் போடுவது கட்டாயம். போடாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். தக்க காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டித்தான் மறுபடி சேர்க்க வேண்டும். சீட்டில் வரிசை எண் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது கள்ளச்சீட்டைத் தடுக்க. எண்ணி முடித்ததும் சீட்டுகளை முத்திரையிட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் வைத்திருந்து, பிறகு அழித்துவிடுவார்கள்.