கிட்ஸானியாவுக்கு மகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, தேவகோட்டையிலிருந்து கோலாலம்பூர் வந்து மூன்று மாதமாகிறது, ஆறு வயது மகள் பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை, பிள்ளைகள் பெரியவர்கள் வேலைகளைச் செய்து விளையாடும் குட்டி ஊரான கிட்ஸானியாவுக்குக் கூட்டிப் போனால் கூச்சம் தெளியுமா, இல்லை டிக்கெட் காசு தண்டமா என்று கேட்டிருந்தீர்கள். நான் இப்போது லீவில் கோட்டையூர் வந்திருக்கிறேன். முகப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், மகன் பக்கத்திலிருந்து திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

போங்கள். ஆனால் ஒரே நாளில் கூச்சம் தெளியும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இடம் முத்தியாரா டாமன்சாரா, எம்ஆர்டி ரயிலில் அதே பேருள்ள ஸ்டேஷன். மெக்சிகோவில் 1999இல் ஆரம்பித்தது, கோலாலம்பூருக்கு 2012இல் வந்தது. நுழைவே விமான நிலைய கவுன்டர் மாதிரி இருக்கும். உங்கள் கையிலும் அவள் கையிலும் பட்டை கட்டிவிடுவார்கள், இரண்டும் பொருந்தாமல் பிள்ளையை வெளியே விட மாட்டார்கள், அதனால் தொலைந்துபோவாளோ என்ற பயம் வேண்டாம்.

வேலை நடக்கும் அறைக்குள் நமக்கு அனுமதி இல்லை, கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். பேசாத பிள்ளைக்கு இதுதான் நல்லது என்பேன், பதில் சொல்ல அப்பா பக்கத்தில் இருக்க மாட்டார் பாருங்கள். மலாயில் ‘நாமா சாயா’ என்று தன் பேரைச் சொல்ல மட்டும் பழக்கிவிடுங்கள், போதும். அப்புறம், அங்கே வணக்கத்துக்கு ‘கை’ என்பார்கள், இரண்டு விரலை நெஞ்சில் வைத்துக்கொண்டு. என் மகனோ, கையைத்தான் கேட்கிறார்கள் என்று நீட்டிவிட்டான்!

நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். முதல் தடவை விமானி வேலைதான் என்று நானே முடிவு செய்து வரிசையில் நிறுத்தினேன், அவனோ தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு போவதையே பார்த்துப் பார்த்து அழுதான், கடைசியில் இரண்டும் உருப்படியாக நடக்கவில்லை. அவளே கை காட்டட்டும், பானம் தயாரிக்கும் இடமாக இருந்தாலும் சரி. பள்ளி விடுமுறையைத் தவிர்த்து, சனி ஞாயிறு இல்லாத நாளில் போனால் வரிசை குறையும்.

உள்ளே நுழைந்ததும் ஒரு செக் கொடுப்பார்கள், அதை முதலில் வங்கியில் மாற்றச் சொல்லுங்கள். அந்த ஊர்க் காசுக்குக் கிட்ஸோ என்று பேர். வேலை பார்த்தால் சம்பளம், சிலதுக்குப் பிள்ளைதான் அந்தக் காசைக் கட்ட வேண்டும். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பதிமூன்று வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் கிட்டங்கி ஒன்றில், பணப்பெட்டி பக்கத்தில் இருக்கும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர், மேலாளுக்கு எடுபிடி செய்துகொண்டே கணக்கு எழுதப் பழகியவர். இவன் எக்கி நின்று கவுன்டரில் செக்கை நீட்டி, வாங்கிய நோட்டை மூன்று தடவை எண்ணினான் பாருங்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் எண்ணும்போது பார்க்க அங்கே யார் இருந்தார்கள்?

பயல் அதைச் செலவழிக்கவே இல்லை. ஒரு நோட்டு ஊர் வரைக்கும் வந்துவிட்டது. நேற்று ஆத்தா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதைக் காரைக்குடியில மாத்தலாமாடா?” என்று கேட்டார்கள்.