கேஷுவாலிட்டி கேள்விகள்: ஒரு மூத்த செவிலியரின் பதில்கள்

தேனி வாசகி: அப்பாவுக்குக் கையில் வெட்டுக்காயம். எங்களுக்குப் பின்னால் வந்தவரை முதலில் உள்ளே கூட்டிப்போனார்கள். இது நியாயமா?

நியாயம்தான். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் உட்கார வைத்தது தப்பு. கேஷுவாலிட்டியில் வந்த வரிசை கிடையாது. நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன், நினைவு எல்லாம் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்போம். மூச்சுத் திணறுகிறவர் சிவப்பு. காயத்தில் துணியை அழுத்திக்கொண்டு உங்களோடு பேசிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் பச்சை. ஆனால் நிறம் மாறும். துணி நனைந்துகொண்டே போனால், விரல் மரத்துப்போனால், வியர்த்துக் கிறுகிறுத்தால் உடனே எழுந்து வாருங்கள். "சிஸ்டர், வந்தப்போ இருந்ததைவிட மோசமா இருக்கார்" என்று சொன்னால் போதும், மறுபடி பார்த்தே ஆகவேண்டும்.

சேலம் வாசகர்: நெஞ்சுவலி வந்தால் வாயுவா என்று சோடா கொடுத்துப் பார்க்கலாமா?

கூடாது. மருத்துவமனைக்கு வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்கவேண்டிய வலி அது. 108-ஐ அழையுங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவராதீர்கள்.

மதுரை வாசகர்: நிறமெல்லாம் பேச்சுக்குத்தான். கவுன்சிலர் போன் வந்தால் பச்சையும் சிவப்பாகிவிடும்.

போன் வரும், மறுக்கவில்லை. அதற்காகச் சிவப்பை நகர்த்தினால் ஒரு உயிர் போகும். அப்படி நடப்பதைப் பார்த்தால் ட்யூட்டி டாக்டரிடமே கேளுங்கள், அடுத்து நிலைய மருத்துவ அலுவலரிடம் (ஆர்.எம்.ஓ.) எழுதிக் கொடுங்கள்.

மதுரை வாசகர்: எழுதிக் கொடுத்தால் எங்கள் ஆளைத்தான் கவனிக்க மாட்டார்கள்.

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. உங்கள் ஆள் வார்டுக்குப் போனபிறகு எழுதுங்கள், ஆனால் எழுதாமல் விடாதீர்கள். தேதி, நேரம் இருந்தால்தான் விசாரிக்க முடியும். சிபாரிசு பிடிக்கும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: நாளை உங்கள் அம்மா மூச்சு முட்டக் கிடக்கும்போது வேறொருவருக்காக இதே போன் வரும்.

கடலூர் வாசகர்: சாலை விபத்து என்றால் போலீஸ் வந்தபிறகுதான் பார்ப்பார்களா?

இல்லை. முதலில் சிகிச்சை, பிறகுதான் மற்றதெல்லாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கடாரா வழக்கில் சொல்லிவிட்டது. ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவு போடுவதும் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவதும் மருத்துவமனை வேலை. தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் உள்ள மருத்துவமனை என்றால், தனியாராக இருந்தாலும், முதல் 48 மணி நேரத்துக்குத் திட்ட வரம்புவரை உங்களிடம் பணம் வாங்கக் கூடாது.

திருச்சி வாசகி: பின்னால் வந்தவரை ஏன் முதலில்...

தேனி வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஈரோடு வாசகர்: காப்பீட்டு அட்டையில் பெயர் விட்டுப்போயிருக்கிறது.

அது என் வேலை இல்லை. 104 சுகாதார உதவி எண்ணில் கேளுங்கள்.

வேலூர் வாசகி: மாமியாருக்குத் திடீரென்று வாய் கோணி, பேச்சுக் குழறியது. தண்ணீர் கொடுத்தோம், புரையேறிவிட்டது.

சோடாவோ தண்ணீரோ மாத்திரையோ, வாயில் எதுவும் வேண்டாம்! பக்கவாதத்தில் விழுங்கும் சக்தியும் போயிருக்கலாம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாகப் பேசினார் என்பதைக் குறித்துவையுங்கள். நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். அதனால் ஸ்கேன் உள்ள பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். வழியில் இருக்கும் கிளினிக்கில் இறங்காதீர்கள்.